இராத்திரி மட்டும் இருமலும் இழுப்பும் வருகிறது, பகலில் ஒன்றுமில்லை. டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

பகலில் ஒன்றுமில்லை என்று தயங்காதீர்கள், ஆஸ்துமா பலருக்கு அப்படித்தான். என் அம்மாவுக்கு 20 வருடமாக இருக்கிறது. விடியற்காலை 3 மணிக்குப் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்திருப்பார், காலை 11 மணிக்கு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ஒரு சத்தமும் இருக்காது. அதனால் இழுப்பு வரும்போதே அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து வையுங்கள். "அடிக்கடி வருது" என்றால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது, போன வாரம் எத்தனை இராத்திரி எழுந்தீர்கள், மாடி ஏறும்போது நடுவில் நின்றீர்களா என்று கணக்காகச் சொல்லுங்கள். எதனால் வருகிறது என்பதும் முக்கியம். கொசுவர்த்தி, சாம்பிராணி, போகிப் புகை எதுவாகவும் இருக்கலாம். அம்மாவுக்குப் பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கி, சுற்றியிருந்த பழைய பேப்பரைப் பிரித்தாலே போதும், அன்றைக்கு இராத்திரி தூக்கம் போச்சு.

சின்ன வயதில் வீசிங், தோலில் கரப்பான், விடாத தும்மல், வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, இதற்கு முன் நெபுலைசர் வைத்தது, ஆஸ்பத்திரியில் சேர்ந்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சாப்பிடுகிற மாத்திரைகளை ஒன்று விடாமல் பையில் போட்டு எடுத்துப் போங்கள். இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒற்றைத் தலைவலிக்காக வேறொரு டாக்டரிடம் போனபோது, தலைவலிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆஸ்துமாவைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை, புரோப்ரனலால் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள் இராத்திரி அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், "தண்ணி" என்று சொல்லவே இரண்டு முறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தது. அந்த மாத்திரை ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும் என்று அவசர சிகிச்சைப் பிரிவில்தான் எங்களுக்குத் தெரிந்தது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அதே வகைதான். சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூட ஆகாது. அதனால் கண் டாக்டர், பல் டாக்டர் யாரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை எழுதினால், எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்லி வித்தியாசம் பார்ப்பார்கள், இழுத்துவிட்டுப் போனால் அது சரியாகத் தெரியாது. ஏற்கெனவே இன்ஹேலர் இருந்தால் அதை டாக்டர் எதிரிலேயே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள், அம்மா இத்தனை வருடம் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொண்டிருந்தார். பேச முடியாத அளவுக்குத் திணறினால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.