வீடும் ரிஸ்க்கும்

வணக்கம். முதலீடு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பங்குகள் கொஞ்சம் இறங்கினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். ஒருமுறை பயந்துபோய் நஷ்டத்துக்கு விற்றும் இருக்கிறேன். ஆனால் குடியிருக்கும் வீட்டை வாங்கிப் பத்து வருடம் ஆகிறது, அதன் விலையைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இப்போது இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்றிருக்கிறேன். விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்கிறது, மீதிக்குக் கடன். மனைவி வேண்டாம் என்கிறார். ரியல் எஸ்டேட்டில் ரிஸ்க் எடுக்கும் மனம் எனக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்கின் விலை செல்போனில் நிமிடத்துக்கு நிமிடம் தெரிகிறது. வீட்டின் விலையை யாரும் தினமும் கதவைத் தட்டிச் சொல்வதில்லை. இந்தப் பத்து வருடத்தில் அது எத்தனை முறை இறங்கி ஏறியதோ, உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கும் தூக்கம் போயிருக்கலாம். தவிர, அது நீங்கள் வசிக்கும் வீடு. விலை இறங்கினாலும் குடியிருக்கலாம். வாடகைக்காக வாங்கும் வீட்டில் அந்த ஆறுதல் இல்லை.

கடன் சேர்ந்தால் கணக்கே வேறு. விலை 100 என்று வையுங்கள். உங்கள் பணம் 20, கடன் 80. விலை 90 ஆனால், கடன் போக மிஞ்சுவது 10. வீட்டின் விலை பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, உங்கள் பணமோ பாதி போய்விட்டது. 80க்கு வந்தால் மொத்தமும் போயிற்று. பதிவுச் செலவையும் தரகையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. ஏறும்போதும் இதே பெருக்கம் உண்டு. விற்க வருபவர்கள் அதை மட்டும் விளக்கமாகச் சொல்வார்கள்.

பொறுத்திருந்தால் விலை திரும்பிவிடும் என்பீர்கள். ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்தில் இருந்த நகர நில விலை, அப்புறம் பத்தாண்டுக்கும் மேல் இறங்குமுகமாகவே இருந்தது. அமெரிக்காவில் 2006இல் சரியத் தொடங்கிய வீட்டு விலை 2012 வாக்கில்தான் நிமிரத் தொடங்கியது. அங்கே வீட்டை இழந்தவர்களில் பலர் பயந்து விற்றவர்கள் அல்ல, வேலை போய்த் தவணை கட்ட முடியாமல் போனவர்கள். பொறுத்திருக்க மனம் இருந்தால் மட்டும் போதாது, மாதாமாதம் பணமும் வேண்டும்.

எனவே இப்படிப் பாருங்கள். ஆள் வராமல் வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடக்கிறது. அதே சமயம் வட்டி ஏறுகிறது. 20 வருடக் கடனில் வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 ஆனால், தவணை ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். தவணையைக் கூட்டாமல் வருடத்தை நீட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். கடன் வாங்கிய புதிதில் அப்படி ஆனால், பழைய தவணை கிட்டத்தட்ட முழுதும் வட்டிக்கே சரியாகிவிடும். கடன் தீர 50 வருடத்துக்கு மேல் ஆகும். அவசரத்துக்குப் பங்கில் கொஞ்சத்தை விற்கலாம், வீட்டில் ஒரு அறையை மட்டும் விற்க முடியாது.

இவ்வளவும் ஒன்றாக வந்தாலும் சம்பளத்தில் சமாளிக்க முடியும், ஒரு வருடத் தவணை தனியாகவும் இருக்கிறது என்றால், தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் கைப்பணம் இன்னும் சேரட்டும்.

சரி, மனைவி எதற்காக வேண்டாம் என்கிறார்? கடிதத்தில் அதை நீங்கள் எழுதவே இல்லை.