பேறுகாலமும் உரிமமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கக் கிராமப்புறத் தாய்மார்களுக்காக மருத்துவ உரிமச் சட்டங்களைத் தளர்த்தவேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். மனதை உறுத்தியது. முப்பது வருஷத்துக்கு மேல் தாதியாக இருந்தவள் நான், அதில் பாதி பிரசவ வார்டில். ரத்தப்போக்கு தொடங்கினால் நமக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியும். அப்போது பக்கத்தில் நிற்பவர் முறையாகப் பயின்றவரா என்று பார்க்கத்தானே உரிமம்? அதைத் தளர்த்தினால் பலியாவது தாய்தானே? அப்புறம், அரை மணி நேரத்தில் கேகே மகப்பேறு மருத்துவமனைக்குப் போய்ச்சேரும் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நாம் இதைப் பேசலாமா என்றும் தோன்றியது. தவறாக எண்ணவேண்டாம்.

ஒரு வாசகி, ஈசூன்

வணக்கம் அம்மா,

தவறாக எண்ணவில்லை. ‘உரிமம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு சமாசாரங்களைப் போட்டுக் குழப்பியது நான்தான்.

நீங்கள் சொல்லும் உரிமம் ஆளைப் பார்ப்பது. படித்தாரா, தேர்வில் தேறினாரா, கை பழகியிருக்கிறதா என்று கேட்பது. அதில் கைவைக்கச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நான் சொல்லவந்தது வேறு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் புதிய மருத்துவ நிலையம் திறக்க ஆள், கருவி, இடம் எல்லாம் சரியாக இருந்தாலும் போதாது. அந்த வட்டாரத்துக்கு அது தேவைதான் என்று மாநில அரசிடம் நிரூபித்து ‘தேவைச் சான்று’ வாங்கவேண்டும். சில இடங்களில் பிரசவ நிலையங்களுக்கும் இதே கதைதான். ஏற்கெனவே அங்கிருக்கும் மருத்துவமனை, தேவையில்லை என்று ஆட்சேபிக்கலாம். தேக்காவில் ஒருவர் சாப்பாட்டுக்கடை போட, எதிர்க்கடைக்காரரைக் கேட்டு அனுமதி கொடுப்பது மாதிரி.

இந்தத் தேவைச் சான்று முறை 1964இல் நியூயார்க்கில் தொடங்கியது. படுக்கைகள் கூடினால் அவற்றை நிரப்புவதற்காகவே செலவும் கூடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. 1974இல் மத்திய அரசே எல்லா மாநிலங்களையும் இதற்குள் தள்ளியது, 1986இல் தானே அந்தச் சட்டத்தை நீக்கியும்விட்டது. இருந்தும் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏதாவது ஒரு வடிவில் இதை இன்னும் வைத்திருக்கின்றன. தென் கரோலைனா 2023இல் பெரும்பகுதியை எடுத்துவிட்டது. ஜார்ஜியா 2024இல் பிரசவ நிலையங்களுக்கு விலக்குக் கொடுத்தது. இதனாலெல்லாம் எந்தத் தாதியின் தேர்வும் சுலபமாகிவிடவில்லை, பாருங்கள்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தாதிப் படிப்பும் பேறுகாலப் படிப்பும் முடித்துத் தேறிய மருத்துவச்சிகளுக்கு அங்கே ஐம்பது மாநிலங்களிலும் உரிமம் உண்டு. ஆனால் சில மாநிலங்களில், ஒரு மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் தொழில் செய்யமுடியும். மருத்துவர் இல்லாத ஊர் என்பதால்தானே மருத்துவச்சி வேண்டும்? அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்? தாய்சேய் நலத்துக்காக உழைக்கும் மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பின் 2024 அறிக்கையைப் பாருங்கள். அந்நாட்டின் கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், மூன்றில் ஒன்றுக்கும் மேல் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையும் இல்லை, பிரசவ நிலையமும் இல்லை, மகப்பேறு மருத்துவரோ மருத்துவச்சியோ ஒருவர்கூட இல்லை. உங்கள் கேள்வியை அங்கே கொண்டுபோய் வைக்கிறேன். ரத்தப்போக்கு தொடங்கும்போது பக்கத்தில் இருப்பவர் யார்? கார் ஓட்டிக்கொண்டிருக்கும் கணவர்.

இந்த ஊரிலிருந்து பேசலாமா என்றால், நமக்கும் கிராமம் இருந்தது. என் அப்பா செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், பிறந்தவர். பிரசவம் பார்த்தது ஒரு மலாய் பீடான், அதாவது மருத்துவச்சி. அப்பத்தா கடைசிவரை அவரை ‘நம்ம பீடான்’ என்றுதான் சொல்லும், பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. 1927இல் ஐடா சிமன்ஸ் என்ற பிரிட்டிஷ் தாதி இங்கே கிராமப்புறத் தாய்சேய் நலப் பணியைத் தொடங்கியபோது, அந்தப் பகுதிகளில் 1,000 குழந்தைகள் பிறந்தால் 263 இறந்தன. அவர் ஓய்வுபெற்ற 1948இல் அது 57 ஆகியிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் தாதிகள். பிறகு எல்லாரையும் ஒரே இடத்துக்கு வரவழைத்துவிட்டோம். 1966இல் மட்டும் கேகேயில் 39,835 பிரசவங்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு. சின்னத் தீவு, முடிந்தது. பரந்து கிடக்கும் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் முடியுமா?

உரிமத்தை நாமும் மாற்றிக்கொண்டுதான் வருகிறோம். கட்டடத்துக்கு உரிமம் கொடுத்த 1980 சட்டம் போய், சேவைக்கு உரிமம் கொடுக்கும் புதிய சட்டம் 2023 டிசம்பரில் முழுமையாக நடப்புக்கு வந்தது. நிலையான இடம், தற்காலிக இடம், வாகனம், தொலைவழி என்று எப்படிச் சேவை கொடுத்தாலும் அதற்கு விதி இருக்கிறது. தளர்த்திவிட்டார்கள் என்று யாரும் புகார் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் வரவேண்டும். உரிமத்தைச் சீர்செய்த மறுநாள் மூடிய வார்டு திறந்துவிடாது. அமெரிக்கப் பிரசவங்களில் ஏறத்தாழ பத்தில் நான்குக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட்தான் பணம் கட்டுகிறது, அதுவும் தனியார் காப்பீட்டைவிடக் குறைவாக. வருஷத்துக்கு நூறு பிரசவம் நடக்கும் ஊரிலும் இரவு பகலாக மயக்கமருந்து கொடுப்பவரும் ரத்தமும் தயாராக இருக்கவேண்டுமே. கட்டுரையில் நான் இதை ஒரே வரியில் தாண்டிப்போனேன். போயிருக்கக்கூடாது.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். உங்கள் வார்டில் மருத்துவச்சிகளே முழுக்கப் பார்த்த பிரசவங்கள் எப்படிப்பட்டவை, எந்தக் கட்டத்தில் மருத்துவரைக் கூப்பிடுவீர்கள்? எழுதி அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.