முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் புலாவ் உபின்

வணக்கம். முழங்கால் வலியுள்ள உங்கள் தாயாரையும் பிள்ளைகளையும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவிலுள்ள செக் ஜாவா ஈரநிலத்துக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள், தாராளமாக முடியும். சாங்கி முனைப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்த பிறகே படகு புறப்படுவது வழக்கம் என்பதால், கட்டணத்துக்கு ரொக்கம் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். நடையைவிட, ஆடும் படகிலிருந்து படியில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிதான் சிரமமானது. என் மாமியாரை, நான் முன்னே இறங்கி இரு கைகளையும் பிடித்துத்தான் இறக்கினேன். கரையேறியதும் சைக்கிளை மறந்துவிட்டு, திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி, ஒரு வேனை அமர்த்திக்கொள்ளுங்கள். கடல் உள்வாங்கி, நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நாளாகப் பார்த்துச் சென்றால், ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் சேற்று நண்டுகளை அம்மா பலகைப் பாதையில் நின்றபடியே பார்க்கலாம். அங்குள்ள ஜெஜாவி காட்சிக் கோபுரம் 20 மீட்டர் உயரம், ஆகவே அதைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள். பாதையில் பழுதுபார்ப்பு ஏதும் நடக்கிறதா என்று தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் முந்தைய நாளே பார்த்துக்கொள்வது நல்லது.