கால் வலியோடு ஆர்மி ராலிக்குத் தயாராகிறவர்களுக்கு: கேள்வி பதில்

ராணுவத்தில் 17 வருஷம் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் பி.டி. உஸ்தாத், அதாவது உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. இப்போது ஊரில் பள்ளி மைதானத்தில் தினமும் காலையில் ராணுவத்தின் அக்னிவீர் தேர்வுக்கும், ராலி என்கிற அதன் மைதான உடல்தகுதிச் சோதனைக்கும் தயாராகும் பிள்ளைகளை ஓட வைக்கிறேன். காலில் வலி இருப்பவர்கள் கேள்வி அனுப்புங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கே டாக்டர் வேண்டுமோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன். அந்த இடத்தில் தயங்காமல் போய்விடுங்கள்.

தேனி, 19 வயது: அண்ணா, எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். ராலிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. மூணு வாரமா முழங்காலுக்குக் கீழே, எலும்போட உள்பக்க ஓரத்துல வலி. ஓட ஆரம்பிக்கும்போது வலிக்குது, உடம்பு சூடானதும் குறையுது, முடிச்சு உட்கார்ந்தா மறுபடி வலிக்குது. ஓடி ஓடியே சரியாகும்னு சொல்றாங்க. உண்மையா?

இல்லை தம்பி, ஓடி ஓடிச் சரியாகாது. வந்த கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதாவிட்டாலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 2023-லிருந்து ஆன்லைன் எழுத்துத் தேர்வு முதலில், ராலி அப்புறம் என்று ஆகிவிட்டது. அதனால் பிள்ளைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாளே காலையில் ஐந்து கிலோமீட்டர், சாயங்காலம் ஐந்து கிலோமீட்டர், அதுவும் தார் ரோட்டில். மூச்சு இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். எலும்பு அப்படி இல்லை. புதிய சுமை வந்தால் எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, பிறகுதான் அங்கே புதிதாகக் கட்டும். இடைப்பட்ட சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். காங்கிரீட் போட்ட மறுநாளே அதன் மேல் லாரியை ஏற்றினால் என்ன ஆகும்? மூச்சு நன்றாக இருக்கிறதே என்று நீங்கள் வேகத்தைக் கூட்டுவதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

இப்போது ஒரு சோதனை. உள்பக்க எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல்கடைக்கு மேல் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எல்லோரும் சொல்லும் ஷின் பெயின். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலிக்கிறதா, அந்தக் காலில் மட்டும் நின்று குதித்தால் தாங்க முடியவில்லையா, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி எழுப்புகிறதா? அப்படியென்றால் எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். உடனே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமல் போவது சகஜம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று ஓடப் போய் முழுசாக உடைத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், எடுத்துவிடுங்கள்.

ஷின் பெயின்தான் என்றால் ஏழு வாரம் உங்களுக்குப் போதும். முதல் பத்துப் பதினைந்து நாள் ஓட்டமே வேண்டாம். அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லை, ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதித்தும் வலி இல்லை என்ற நிலை வரட்டும். அப்புறம் ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அடுத்த முறை ஓட்டத்தை ஒரு நிமிடம் கூட்டுங்கள். பத்துக்கு இரண்டு அளவு வலி வந்து, மறுநாள் காலையில் போய்விட்டால் பரவாயில்லை. மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும்போதும் இருந்தால் ஒரு படி பின்னால் போங்கள். வேகமாக ஓடுவதைக் கடைசி மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு கெண்டைக்கால் பயிற்சி கட்டாயம். வாசற்படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள். முழங்காலை நீட்டி ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. ஒரு காலில் நிறுத்தாமல் 25 எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஷின் பெயினோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் 12-லேயே நின்றுவிடுகிறார்கள்.

தார் ரோட்டை விட்டு கண்மாய்க்கரை, வாய்க்கால் ஓர மண்பாதை என்று மாறுங்கள். ரோடுதான் கதி என்றால் ஒரே ஓரத்தில் ஓடாதீர்கள். ரோடு ஓரமாகச் சரிந்திருக்கும், ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். எட்டு வைக்கும் தூரத்தையும் கொஞ்சம் குறுக்குங்கள். எட்டி எட்டி வைப்பதைவிடச் சின்ன எட்டாக, அதே வேகத்தில், வேகவேகமாக வைத்தால் எலும்பில் விழும் அடி குறையும்.

அதே தம்பி: ரெண்டு வாரம் ஓடாம இருந்தா ஸ்டாமினா போயிடாதா அண்ணா?

போகாது. பக்கத்தில் கிணறு இருக்கிறதா? இடுப்பில் பழைய டியூபைக் கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில், ஓடுகிற மாதிரியே காலையும் கையையும் போடுங்கள். ஒரு நிமிடம் முழு வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, பதினைந்து தடவை. நீச்சல் தெரிந்த ஒருவர் மேலே நிற்காமல் இறங்காதீர்கள். கிணறு இல்லையென்றால் சைக்கிளை மேட்டில் மிதியுங்கள். பீமுக்கும், அதாவது கம்பியைப் பிடித்துத் தொங்கி உடம்பை மேலே இழுப்பதற்கும், இதுதான் நல்ல சமயம். முழு மதிப்பெண் 100-ல் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60, பீம் பத்து எடுத்தால் 40. ஆறு பீமுக்கு 16 மட்டும்தான். கால் வலிக்கிறது என்று வீட்டில் படுத்துக்கொள்கிற பிள்ளை அந்த 24 மதிப்பெண்ணையும் சேர்த்து இழக்கிறது. ஒன்பது அடி பள்ளத்தைத் தாண்டி, ஜிக்ஜாக் என்கிற வளைந்து வளைந்து போகும் குறுகிய கட்டையில் விழாமல் நடந்தால் போதும், அதற்கு மதிப்பெண் கிடையாது. கால் ஆறும்வரை பள்ளம் தாண்டும் பயிற்சியைத் தள்ளி வையுங்கள்.

ராமநாதபுரம், 20 வயது: சார், ராலி அன்னைக்கு மட்டும் வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கலாமா? எங்க ஊர்ல ரெண்டு பேர் போட்டாங்க.

வேண்டாம் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். வலியை ஊசி மறைக்கும், எலும்பை ஒட்டாது. ஐந்தரை நிமிடம் ஓடிவிடுவீர்கள். அதற்குப் பிறகு மெடிக்கல் இருக்கிறது, அதையும் தாண்டினால் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே பூட்ஸ், முதுகில் சுமை, தினமும் ஓட்டம், டிரில்லில் காலைத் தரையில் அறைவது என்று மாதக்கணக்கில் நடக்கும். என் ஸ்குவாடுக்கு வந்த ஒரு பையன் வலியை மறைத்துக்கொண்டே ஐந்து வாரம் ஓட்டினான். ஒரு நாள் நீண்ட மார்ச்சில் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு சத்தத்தோடு உடைந்தது. முதல் வாரமே அவன் நொண்டியதை நான் கவனித்தேன். 'ஒன்றுமில்லை உஸ்தாத்' என்றான், நானும் விட்டுவிட்டேன். அன்று அவனைப் பிடித்து உட்கார வைத்திருக்க வேண்டும். இன்றைக்கும் மைதானத்தில் யாராவது நொண்டினால் அவர்கள் சொல்வதை நம்பாமல் நானே காலைத் தொட்டுப் பார்ப்பது அதனால்தான்.

இன்னொன்று. வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காத உடம்பு, வெயில், அதோடு வலி மாத்திரை எல்லாம் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. ஊக்க மருந்து என்று விற்கிற ஊசிகளை ராலி அறிவிப்பே தடை செய்திருக்கிறது. விற்கிறவனுக்கு உங்கள் கால் முக்கியமில்லை.

வேலூர் பக்கம், ஒரு அம்மா: தம்பி, என் பையன் தொடை இடுக்குல வலின்னு ரெண்டு வாரமா நொண்டுறான். கேட்டா சதைப் பிடிப்புன்னு சொல்றான். ஓட்டத்தை விடமாட்டேங்கிறான்.

அம்மா, இன்றைக்கே எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். நிறைய ஓடுகிற பிள்ளைக்குத் தொடை இடுக்கில் வலி வந்து, கால் ஊன்றும்போது கூடினால், இடுப்பு மூட்டுக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம். அது நகர்ந்துவிட்டால் எலும்புக்குப் போகிற ரத்த ஓட்டமே தடைபடும், ஆபரேஷன் வரை போகும். 'ஓடுகிற பையன், தொடை எலும்புக் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இருக்குமா என்று பார்க்கணும்' என்று டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். வெறும் சதைப் பிடிப்பு என்றால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம். பையன் மேல் கோபப்படாதீர்கள். உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற ஊர்கள் உண்டு, அந்தப் பிள்ளைகள் மேல் இருக்கிற பாரம் எனக்குத் தெரியும்.

சேலம், 18 வயது: அண்ணா, நான் பெண்கள் மிலிட்டரி போலீஸுக்கு ட்ரை பண்றேன். 1.6 கிலோமீட்டர் ஏழரை நிமிஷத்துல வரணும்னு எடை குறைக்க ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திட்டேன். பாதத்துக்கு மேல் எலும்பு வலிக்குது. நாலு மாசமா மாதவிலக்கும் வரல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கிறதும்மா. இதை மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. செலவழிக்கிற அளவுக்குச் சாப்பாடு வராதபோது, உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும். அதற்குக் காரணமான ஹார்மோன் குறைந்ததும் எலும்பும் பலம் இழக்கும். அந்த எலும்பின் மேல் தினமும் ஓடினால் விரிசல்தான். ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பெண் டாக்டரையும் எலும்பு டாக்டரையும் பாருங்கள். வைட்டமின் டி, இரும்புச் சத்து இரண்டையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை இன்றே ஆரம்பியுங்கள். கேழ்வரகு, முட்டை, நிலக்கடலை, பால், கீரை என்று வீட்டில் கிடைப்பது போதும். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது கோச் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லி அம்மாவை விட்டுக் கேளுங்கள்.

திருச்சி, 21 வயது: எனக்குத் தட்டைப் பாதம். மெடிக்கல்ல தூக்கிடுவாங்களா?

நுனிக்காலில் நின்று பாருங்கள். பாத வளைவு தெரிகிறதா, பாதம் வளைந்து கொடுக்கிறதா, வலியில்லாமல் ஓட முடிகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் தள்ள மாட்டார்கள். நுனிக்காலிலும் தட்டையாக, விறைப்பாகவே இருந்தால் சிக்கல்தான். ராலி வரை காத்திருக்காமல் இப்போதே எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மதுரை, 19 வயது: கடைசிச் சுத்துல வேகம் எடுத்தப்போ தொடைக்குப் பின்னால 'சுளீர்'னு பிடிச்சுது. பத்து நாளாச்சு, நடக்கும்போது வலி இல்ல. ஓடலாமா?

நடக்கும்போது வலி இல்லாதது மட்டும் போதாது. மல்லாந்து படுத்து, அடிபட்ட காலின் குதிகாலை நாற்காலி மேல் வைத்து இடுப்பைத் தூக்குங்கள். நல்ல காலில் எத்தனை எடுக்கிறீர்களோ அத்தனை இந்தக் காலிலும் வலியில்லாமல் வர வேண்டும். வந்தால் பாதி வேகத்தில் 60 மீட்டர் ஓடிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முழு வேகம் கடைசியில்தான். முன்பு பிடித்த இடமே மறுபடி பிடிப்பது தொடையில் மிக சகஜம், அவசரம்தான் காரணம். புத்தூர்க் கட்டு போடலாமா, எண்ணெய் தேய்த்து உருவலாமா என்றும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் சில நாள் அழுத்தி உருவவே கூடாது, உள்ளே ரத்தக் கசிவு கூடும். எலும்பு விரிசல் என்று சந்தேகம் இருக்கிற இடத்தில் எப்போதுமே கூடாது.

திருவாரூர், 22 வயது: நான் போலீஸ் தேர்வுக்குப் போறேன். எனக்கும் இதே பயிற்சியா?

காலை ஆற்றுகிற முறை அதேதான். ஓட்டம் மட்டும் வேறு. தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், ஏழு நிமிடம். அதற்கு ஐந்தரை நிமிட வேகத்தில் காலை வதைக்க வேண்டியதில்லை.

தர்மபுரி, 20 வயது: அண்ணா, ஷின் பெயின் போயிடுச்சு. ராலிக்கு பத்து நாள்தான் இருக்கு. இத்தனை நாள் விட்டதை எப்படிப் பிடிக்கிறது?

பிடிக்க முயற்சி செய்யாதீர்கள். பத்து நாளில் புதிதாக எதுவும் சேராது, காலை மறுபடி கெடுக்கத்தான் முடியும். இன்றைக்கோ நாளைக்கோ ஒரு முறை 1.6 கிலோமீட்டர் நேரம் பார்த்து ஓடுங்கள். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 400 மீட்டர் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 82 வினாடியில், நடுவில் மூன்று நிமிடம் நடை. கடைசி மூன்று நாள் இருபது நிமிட மெதுவோட்டம் மட்டும், முந்தின நாள் அதுவும் வேண்டாம். பழகிய ஷூவிலேயே ஓடுங்கள். எல்லோரும் வெறுங்காலில் ஓடுகிறார்களே என்று அன்றைக்குக் கழற்றாதீர்கள். கூட்டமாகத்தான் கிளப்பிவிடுவார்கள், முதல் நூறு மீட்டரில் இடித்துத் தள்ளுவார்கள். உள்ளே மாட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் வெளிப்பக்கமாக நின்று கிளம்புங்கள். ஓடி முடித்ததும் எனக்கு நேரத்தைச் சொல்லுங்கள், கால் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து.