மாடிகளும் நீர்ச்சக்கரமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் லோவெல் நகரத் துணியாலைகளைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். நீர்விசையால் ஓடிய அந்த ஆலைகளை ஏன் மாடிமேல் மாடியாக எழுப்பினார்கள்? நிலம் தாராளமாகக் கிடைத்த காலத்தில் ஒரே தளமாகப் பரப்பிக் கட்டியிருக்கலாமே? நீராவி எந்திரம் வந்ததும் நீர்விசையின் காலம் முடிந்தது என்று பள்ளியில் படித்தோம். அது சரிதானா?

எஸ்.ஆர்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எஸ்.ஆர்.,

அந்த மாடிகளைத் தீர்மானித்தது நிலத்தின் விலையைவிட, அடித்தளத்தில் சுழன்ற சக்கரமே. மின்சாரம் வருவதற்கு முன்பு, விசையைத் தண்டுகள், பல்சக்கரங்கள், பட்டைகள் வழியாகவே எந்திரங்களுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. தண்டு நீள நீள அதன் எடையும் உராய்வும் கூடி, சக்கரம் தந்த விசையில் ஒரு பகுதி தறியைச் சேர்வதற்குள்ளேயே வீணாகிவிடும். ஆகவே எந்திரங்களைச் சக்கரத்துக்கு மேலே அடுக்கினார்கள்: பஞ்சு வாரும் கார்டிங் எந்திரங்கள் கீழே, நூற்பு அதற்கு மேலே, தறிகள் அதற்கும் மேலே. கட்டடத்தின் நடுப்பகுதி வரை சன்னல் வெளிச்சம் எட்ட வேண்டியிருந்ததால் அகலத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. சக்கரத்தைக் கட்டடத்துக்குள் வைத்ததற்கு லோவெல் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பனிக்காலமும் ஒரு காரணம்; வெளியே இருந்தால் அது உறைந்து நின்றுவிடும். 1828இல் பால் மூடி என்ற பொறியாளர், ஆப்பிள்டன் ஆலையில் கனத்த பல்சக்கரங்களுக்குப் பதிலாகத் தோல் பட்டைகளைக் கொண்டு விசையை மேல்தளங்களுக்கு ஏற்றினார். இரைச்சல் குறைந்தது, பழுதுபார்ப்பதும் எளிதாயிற்று.

லோவெலில் என்னை மிகவும் கவர்வது அவர்கள் தண்ணீரை அளந்த விதம். மெரிமாக் ஆறு பாடக்கெட் அருவியில் சுமார் 30 அடி இறங்குகிறது. அந்த நீரைக் கால்வாய்களில் திருப்பி ஆலைகளுக்கு விற்ற நிறுவனம், ‘மில் பவர்’ என்றோர் அலகை வகுத்துக்கொண்டது. வால்தம் என்ற ஊரில் முன்பே ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆலையின் 3,584 நூற்புக் கதிர்களையும் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டுகள்), அவற்றோடு சேர்ந்த எந்திரங்களையும் இயக்கத் தேவைப்பட்ட விசைதான் அந்த அலகு. 30 அடி வீழ்ச்சியில் அது விநாடிக்கு 25 கன அடி நீர். பாசன மடையில் முறைவைத்துத் தண்ணீர் பிரிக்கும் நமக்கு, ஆற்றின் வீழ்ச்சியையே பங்குபோட்டு விற்ற அந்தக் கணக்கு வியப்பளிக்கக்கூடியது.

ஆனால் சக்கரத்துக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வெள்ளக் காலத்தில் வெளியேறும் வாய்க்காலில் நீர்மட்டம் உயர்ந்தால், சக்கரத்தின் அடிப்பகுதி அதில் மூழ்கி, ஓட்டம் தளர்ந்துவிடும். நீருக்குள் மூழ்கியபடியே சுழலக்கூடிய டர்பைன் இந்தத் தொல்லையைப் பெரிதும் தீர்த்தது. 1844இல் யூரையா பாய்டன் ஆப்பிள்டன் ஆலைக்காக வடிவமைத்த 75 குதிரைத்திறன் டர்பைன், நீரின் ஆற்றலில் 78 சதவீதத்தைப் பயனாக்கியது. கால்வாய் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரான ஜேம்ஸ் ஃபிரான்சிஸ், பல்லாண்டுச் சோதனைகளின் வழியே நீர் உள்நோக்கிப் பாயும் டர்பைனைச் செம்மைப்படுத்தினார். இன்று சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் சுழல்பவையும் அவர் பெயர் தாங்கிய வகையே.

நீங்கள் பள்ளியில் படித்தது பாதிதான் உண்மை. நீராவி பரவிய காலத்திலும் லோவெல் நீர்விசையைப் பெருக்கிக்கொண்டே இருந்தது: 1840களில் புதிய வடக்குக் கால்வாயை வெட்டியது, கோடையில் நீர் குறையாதிருக்க, வடக்கே நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள வினிபெசாக்கி ஏரியின் மதகுகளையும் ஆலை முதலாளிகள் தங்கள் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள். அங்கிருந்த மக்கள் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை; 1859இல் ஒரு கூட்டம் அந்த அணையையே உடைக்க முயன்றது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆலைகள் பெருகி ஆற்று நீர் போதாமலானபோது நீராவி துணைக்கு வந்தது. 1880களில்தான் அது நீரை விஞ்சியது. அப்போதும் தண்டும் பட்டையும் தொடர்ந்ததால் ஆலைகள் மாடிமேல் மாடியாகவே நின்றன. எந்திரத்துக்கு ஒரு மின்மோட்டார் என்ற நிலை வந்த பிறகே, நீங்கள் கேட்டதுபோல ஒரே தளமாகப் பரப்பிக் கட்டுவது ஆதாயமாயிற்று.

அன்புடன்.