காவிரி டெல்டாவில் சதைப்பற்றுச் செடிகளை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா?

மயிலாடுதுறைக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். எச்செவேரியா, ஹவார்தியா, ஜேட், அடீனியம் என்று, இலையிலோ தண்டிலோ நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள் நான்கு கையில் இருக்கின்றன. வெயிலுக்குப் பயந்து எல்லாவற்றையும் கூடத்துக்குள் வைத்துவிடலாமா என்பது கேள்வி.

வேண்டாம். வெளியே வையுங்கள், ஆனால் கூரைக்குக் கீழே. கிழக்குப் பார்த்த திண்ணை, கிரில் போட்ட வராந்தா, தாழ்வாரம், இவற்றில் எது இருந்தாலும் போதும். நான் இருப்பது கும்பகோணத்தில். என் தொட்டிகளில் பெரும்பாலானவை திண்ணையில்தான் இருக்கின்றன.

நம் பக்கத்தில் இந்தச் செடிகளுக்கு எமன் வெயில் அல்ல, ஐப்பசி மழை. அக்டோபரில் பிடித்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அடைமழை நாலு நாள் விடாமல் பெய்தால், காற்றிலும் ஈரம் நிற்பதால், தொட்டி மண் காயவே காயாது. முதலில் அடியிலைகள் கண்ணாடி போலத் தெளிந்து மெத்தென்றாகும். விரல் பட்டாலே கழன்று விழும். அப்போது தண்டை அழுத்திப் பாருங்கள். கல்லுப்போல் இருந்தால் பிழைக்கும். குழைந்திருந்தால் மேலே நல்ல பாகத்தை வெட்டி, காயம் உலர்ந்தபின் புதிதாக நட வேண்டியதுதான். ஆகவே மொட்டை மாடியில் எதையாவது வைத்திருந்தால் புரட்டாசி முடிவதற்குள் கீழே இறக்கிவிடுங்கள். புயல் கணக்கு வேறு. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகளே சாய்ந்தன, தொட்டி எம்மாத்திரம்?

அடுத்த தொல்லை, புழுங்கும் இரவு. இவ்வகைச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, நீர் வீணாகாமல் இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்பவை. இரவு குளிர்ந்தால்தான் இந்த ஏற்பாடு சரியாக நடக்கும். எச்செவேரியாவின் தாயகம் மெக்சிகோவின் மேட்டுநிலம். மே மாதத்து இரவுப் புழுக்கம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. கோடையில் அது வளராமல் அப்படியே நின்றால் பதறி நீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டம் கொடுங்கள், அது போதும். நாலு செடிகளில் உங்களைப் படுத்தப் போவது அதுதான்.

வீட்டுக்குள் ஏன் கூடாது என்றால், நம் பழைய வீடுகளின் கூடத்து வெளிச்சம் கண்ணுக்குத்தான் போதும், செடிக்குப் போதாது. ஜன்னலை விட்டு நாலடி தள்ளினாலே பட்டினிதான். எச்செவேரியா ரோஜாவைப் போல அடுக்காக இருக்க வேண்டியது, இலைக்கு இலை இடைவெளி விட்டு ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டும். நீண்ட தண்டு பிறகு குறுகாது. விதிவிலக்கு ஹவார்தியா. தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளர்ந்து பழகியது. ஜன்னல் திட்டிலோ முற்றத்து ஓரத்திலோ சுகமாக இருக்கும். ஜேட் திண்ணைக்கு. அடீனியம் மட்டும் உச்சி வெயிலுக்குச் சளைக்காது, மாடியிலேயே பூக்கும்; மழைக்காலத்தில் மட்டும் இறக்குங்கள்.

மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். கத்திரி வெயிலில் மாலை வரை சூடு கக்கும் இடம் அது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியானால் வேர் வெந்தே போகும்.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு அமிர்தமான நம் வண்டல் களி, இந்தச் செடிகளுக்கு விஷம். கரட்டு மணலும் உடைத்த செங்கல் ஜல்லியும் பாதிக்கு மேல் இருக்கட்டும். ஆற்று மணல் இன்று நேர்வழியில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டைக் கழுவித் தூசியைப் போக்கினால் அதுவே ஆகும். அரிசி ஆலைகளில் உமிக்கரி கேட்டு வாங்கிக் கலக்கலாம். கறுப்பாக இருப்பதை வாங்குங்கள். வெளுத்த சாம்பல் மண்ணை இறுக்கிவிடும். அடியில் துளை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் அழகாக நட்டு விற்கிறார்களே, அதை வாங்கியிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

கூடத்தில் ஏற்கெனவே வைத்துவிட்டவற்றை ஒரேயடியாக வெயிலில் தூக்கி வைக்காதீர்கள். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் பழக்குங்கள். அவசரப்பட்டால் இலையில் வெளிறிய தீக்காயம் விழும்; அந்த இலை உதிரும் வரை அது மறையாது.