மண்ணை வாரித் தூற்றிய பாட்டி வீட்டுக்கு மறுபடியும் போகலாமா?

கேள்வி: அக்கா, எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஒப்பந்தச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. போன மாதம் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு வந்த அழைப்பை வைத்து ஒரு கிராமத்துக்குப் போனோம். அப்பா இறந்துவிட்டார், செங்கல் சூளைக்குப் போன அம்மா திரும்பவில்லை, பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம். பெரியவளுக்கு 11 வயது, பள்ளிக்கூடம் போகாமல் பிரியாணிக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு 7. குழந்தைகள் நலக் குழு இருவரையும் இல்லத்தில் சேர்க்கச் சொன்னது. வண்டியில் ஏற்றும்போது பாட்டி மண்ணை வாரித் தூற்றி, "வயிறெரிஞ்சு சொல்றேன், நீ நல்லா இருக்க மாட்டே" என்றார். தெருவே என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் மாதிரி பார்த்தது. பையன் அழவே இல்லை. அதிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. எனக்கு வரன் பார்க்கிற அம்மா, "போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிற வேலை வேண்டாம், விட்டுடு" என்கிறார். நான் செய்தது சரியா? வேலையை விட்டுவிடலாமா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் பிள்ளைகளின் பெயரும் ஊரும் இருந்தன. எடுத்துவிட்டோம், வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல, தூக்கம் வராத ராத்திரியில் எழுதியதில் மறந்துபோயிருக்கும். இனிமேல் யாரிடம் மனதைக் கொட்டினாலும், அம்மாவிடமே என்றாலும், பெயரை விட்டுவிட்டுக் கொட்டுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட நேரத்தில் 11 வயதுப் பெண் கடையில் அண்டா தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நீங்கள் சும்மா திரும்பி வந்திருந்தால்தான் தப்பு. 24 மணி நேரத்துக்குள் குழு முன்னால் நிறுத்த வேண்டும், நிறுத்தியிருக்கிறீர்கள். இல்லத்துக்கு அனுப்பியது உங்கள் உத்தரவு இல்லை. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் உள்ள குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு இருக்கிற அதிகாரத்தோடு உட்கார்ந்து போட்ட உத்தரவு அது. ஆனால் அந்தப் பாட்டிக்குக் குழுவைத் தெரியுமா, பிரிவு நம்பர் தெரியுமா? அவர் கண்ணுக்குத் தெரிந்தது நீங்களும் அந்த வண்டியும்தான், அதனால் மண்ணும் உங்கள் மேல்தான் விழும். இந்த வேலையில் நாலு வருடம் தாக்குப்பிடித்த யாரையும் கேட்டுப் பாருங்கள், சாபம் வாங்காத ஆளே கிடைக்க மாட்டார்.

எனக்கு உறுத்தியது வேறு. கதை முடிந்துவிட்டது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளை இல்லத்தில் விட்டாயிற்று, பாட்டி சபித்தாயிற்று, இனி நான் இருப்பதா போவதா என்று நேராக அங்கே போய்விட்டீர்கள். பிள்ளையின் குடும்ப நிலையைக் கேட்டறிந்து எழுதுகிற சமூக விசாரணையை 15 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும், பிள்ளையை முதல் தடவை நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் குழு இறுதி உத்தரவு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போன மாதம் நடந்தது என்றால் இறுதி உத்தரவு இன்னும் வந்திருக்காது. இல்லம் என்பது மற்ற வழி எதுவும் இல்லாதபோது கடைசியாகப் போகிற வழி என்றும் அதே சட்டம்தான் சொல்கிறது. ஆக, அந்தப் பிள்ளைகள் விஷயத்தில் பெரிய முடிவு இனிமேல்தான் வரப்போகிறது, அதற்குக் குழு கையில் எடுக்கப்போகிற காகிதம் நீங்கள் எழுதியதுதான்.

அறிக்கையைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்திருந்தால் நகலை எடுத்து ஒரு தடவை படியுங்கள். அந்த விசாரணை அறிக்கையை எழுதுகிற படிவம் 22-இல் வழக்கமாக வரும் வரிகள் எனக்கு மனப்பாடம்: "பாட்டி வயது முதிர்ந்தவர், பொறுப்பற்றவர். வீடு சுகாதாரமற்ற நிலையில் உள்ளது. குழந்தைகளைப் பராமரிக்க இயலாத சூழல்." மூன்றே வரி, ஒரு குடும்பம் காலி. பொறுப்பற்றவர் என்று எதைப் பார்த்து எழுதுகிறோம்? நூறு நாள் வேலை இருக்கிற நாளில் பையனை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறார், ரேஷன் அரிசி எத்தனாம் தேதி வரைக்கும் வருகிறது, முதியோர் உதவித்தொகை வருகிறதா அல்லது மனு போட்டதோடு நிற்கிறதா, கண் தெரிகிறதா, பெரியவளின் கூலி யார் கைக்குப் போனது, அந்தக் காசில் என்ன வாங்கினார்கள், இதையெல்லாம் கேட்டீர்களா? வீட்டுச் சுவரில் ஆணியில் பையனின் பள்ளிக்கூடப் பை தொங்குகிறது, உள்ளே இருக்கிற நோட்டில் நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்த வாரத்துத் தேதி போட்டிருக்கிறது என்றால், அதை அப்படியே எழுதுங்கள். 'பாட்டிக்கு அக்கறை உண்டு' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லவே வேண்டாம், குழுவுக்கே புரியும். அதே மாதிரி, பாட்டி குடிக்கிறார் என்றாலோ, பெரியவள் கையில் சூட்டுத் தழும்பு இருந்தாலோ, அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மண் தூற்றினார் என்பதற்காக ஒரு வரி கூட்டியும் எழுதக் கூடாது, பாவமாக இருக்கிறதே என்று ஒரு வரி குறைத்தும் எழுதக் கூடாது. அறிக்கை போய்விட்டது என்றாலும் பரவாயில்லை, கூடுதல் விவரம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இன்னொன்று, அந்த அம்மா. "செங்கல் சூளைக்குப் போனவர் திரும்பவில்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் சொல்லும், ஊருக்கு அது சுலபம். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளைக்குப் போன குடும்பங்கள் கணக்குத் தீராமல் மாட்டிக்கொண்டு, வெளியே வர முடியாமல் கிடந்ததும், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கமெல்லாம் கொத்தடிமைகள் என்று அதிகாரிகள் போய் மீட்டதும் நாம் பேப்பரில் படித்ததுதானே? எந்தச் சூளை, எந்த மேஸ்திரி கூட்டிப்போனார், கடைசியாக போன் வந்தது எப்போது என்று பாட்டியிடம் கேளுங்கள். சந்தேகம் தட்டினால் உங்கள் அலுவலர் மூலமாகக் கோட்டாட்சியருக்குக் கடிதம் போகட்டும். அந்தப் பெண் எங்கேயோ செங்கல் அறுத்துக்கொண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருந்தால், நம் கோப்பில் 'தாய் கைவிட்டுச் சென்றார்' என்று எழுதி வைத்திருப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

அப்புறம், பிரியாணிக் கடைக்காரர் என்ன ஆனார்? உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. தொழிலாளர் துறைக்கு எழுதினீர்களா? பிள்ளையும் பாட்டியும் ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டிருக்க, குறைந்த கூலிக்கு ஆள் வைத்தவர் மட்டும் அடுத்த நாளும் கடையைத் திறந்திருப்பார். எனக்கு இதில்தான் கோபம் வருகிறது.

இப்போது பாட்டி. போங்கள். ஜீப் வேண்டாம், பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போங்கள். தனியாகப் போகாமல் அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அலுவலகத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். முதல் பத்து நிமிடம் திட்டுவார், திட்டி முடிக்கட்டும், நடுவில் சட்டம் பேசாதீர்கள். பிறகு சொல்லுங்கள்: பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், எந்த நாளில் பார்க்கலாம், எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும். இதை யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? பிள்ளைகளைத் திரும்பக் கேட்டுக் குழுவுக்கு அவரே மனுக் கொடுக்கலாம், எழுதத் தெரியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காசில்லாமல் உதவி கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். "உங்களுக்கு எதிராக மனுப்போட நீங்களே சொல்லிக்கொடுப்பதா" என்று அலுவலகத்தில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாட்டியால் வளர்க்க முடியாது என்பதற்குக் காரணம் காசு மட்டும்தான் என்றால், அதற்குத்தான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு இருக்கிறது, ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். நம் மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000. எது பொருந்தும் என்று உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் எதற்கு மனுப்போட்டாலும் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அங்கேதான் சிக்கும். வீட்டிலேயே இறந்து, பதிவு பண்ணாமல் ஒரு வருடம் தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டும். பாட்டியால் அந்த அலைச்சல் ஆகாது. வி.ஏ.ஓ.வை நீங்கள் பாருங்கள். பிள்ளைகளின் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

அழாத பையனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஏழு வயதுப் பிள்ளை அழாமல் இருந்தால் தைரியசாலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆற்றுப்படுத்துநரிடம், அதாவது கவுன்சலிங் கொடுப்பவரிடம், இதைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஆண் பிள்ளைகள் இல்லமும் பெண் பிள்ளைகள் இல்லமும் தனித்தனி என்பதால் அக்காவும் தம்பியும் பிரிந்துதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது இரண்டு பேரும் போனில் பேசுகிறார்களா என்று விசாரியுங்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது "சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. "பாட்டியைப் பார்த்தேன், நல்லா இருக்காங்க" என்று சொல்லலாம், பார்த்திருந்தால்.

தூக்கத்துக்கு வருவோம். உங்கள் அலகிலேயே பல வருடம் இருக்கிற ஒருவரைப் பிடித்து, டீ குடித்துக்கொண்டே இந்த விஷயத்தை முழுதாகப் பேசுங்கள், வேலை தெரிந்தவரிடம் பேசினால் பாதி இறங்கும். இன்னும் சில வாரம் போயும் இப்படியே இருந்தால் 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலிமனஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்கு ஆற்றுப்படுத்துநர் வேண்டும் என்று எழுதுகிறவர் தனக்கு என்றால் வெட்கப்படுவது இந்தத் துறையில் ரொம்ப சகஜம்.

வேலையை விடுவதா? தொகுப்பூதியம், வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம், பெட்ரோல் காசு கைக்கு வரத் தாமதம், இதெல்லாம் எனக்கும் தெரியும், தியாகம் பண்ணுங்கள் என்று சொல்ல மாட்டேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வைத்திருக்கிறார்கள், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கோப்பை நடுவில் விட்டுப் போகாதீர்கள். அடுத்து வருகிறவர் அந்த ஊருக்குப் போகவே மாட்டார், நீங்கள் எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். இறுதி உத்தரவு வரட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

அம்மாவிடம் சண்டை வேண்டாம். வரன் பார்க்க வருகிறவர்களிடம் "கவர்மென்ட் ஆபீஸ்ல வேலை" என்று பூசி மெழுகாமல், இன்ன வேலை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அழைப்பு வந்தாலும் சில சமயம் கிளம்ப வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிடச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற இடம் அங்கேயே தெரிந்துவிடும், அம்மாவுக்கும் அலைச்சல் மிச்சம்.